ரெண்டு பேருக்கு ரெண்டு கை

அன்புள்ள சிட்டு,

அப்பா எழுதறேன். இங்க அம்மா நல்லா இருக்கா, நான் வாரத்துல நாலு நாள் நல்லா இருக்கேன், மிச்ச மூணு நாள் மெஷின்ல இருக்கேன். நீ அங்க ஏழு நாளும் நல்லா இருக்கணும், காலையில எழுந்ததும் அதைத்தான் முதல்ல நினைக்கறேன். குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. போன் இருக்கறப்போ இந்த மனுஷன் எதுக்குக் காகிதத்தை எடுத்தார்னு உனக்குத் தோணும். போன்ல ஆரம்பிச்சா மூணாவது நிமிஷம் நாம ரெண்டு பேரும் கத்துவோம். உனக்கு என் மூக்கு மட்டும் வரலை, அந்த மூக்கு மேல இருக்கற கோபமும் சேர்ந்து வந்திருக்கு. காகிதத்துல கத்த முடியாது பாரு, அதான். இதை டயாலிசிஸ் நாற்காலியில உட்கார்ந்துதான் எழுதறேன். இடது கையில ரெண்டு ஊசி, அதை அசைக்கக் கூடாது, வலது கையில பேனா. காகிதம் நழுவிப் போகாம பக்கத்து நாற்காலி அம்மா அவங்க இடது கையால அழுத்திப் பிடிச்சிருக்காங்க. படிக்கறீங்களான்னு கேட்டேன், சேச்சே நான் எதுக்குப் படிக்கறேன்னாங்க, ஆனா மூக்கைப் பத்தி எழுதறப்போ சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அவங்க யாருன்னு சொல்றேன், அவங்களால வந்த கடிதம்தான் இது.

முதல்ல வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுது, இனிப்பே தொடறதில்லைன்னு சத்தியம் பண்றா, டப்பா மட்டும் தானா காலியாகுது. நம்ம கட்டடத்து லிஃப்ட் போன வாரம் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு, உள்ளே இருந்தது நானும் மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாரும். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனை உள்ளே வெச்சு லிஃப்ட் நின்னா எப்படி இருக்கும்? வெளியே நின்ன மெக்கானிக் எதைத் தொடணும் எதைத் தொடக்கூடாதுன்னு நான் உள்ளேயிருந்து கத்திக்கிட்டே இருந்தேன், அந்த ஆள் கடைசியில, ஐயா நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா நான் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுவேன்னான். பேசாம இருந்தேன், நாலு நிமிஷத்துல முடிச்சுட்டான். வாத்தியார் அதை இன்னும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறார்.

இனி ப்ரோச் கதை, அதான் துணி மேல அழகுக்குக் குத்திக்கற வில்லை. இந்த ஹாலை நீ பார்த்ததில்லை. நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் எட்டெட்டு நாற்காலி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெஷின், மெஷினுக்கு ஒரு குரல். நாலு மணி நேரம் உட்காரணும். ரத்தம் குழாய் வழியா வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பறதுக்குள்ள ஆறிப்போயிடுது போல, அரை மணியில எலும்பு வரைக்கும் குளிர் இறங்கும். அம்மா சால்வை குடுத்து அனுப்புவா, கொஞ்சம் கண் அசந்தா அது நழுவித் தரையில கிடக்கும், ஒவ்வொரு தடவையும் நர்ஸைக் கூப்பிட்டு எடுத்துப் போடச் சொல்ல எனக்குக் கூச்சம். ஊக்கு குத்திப் பார்த்தேன், அது ஒரு விரல் நீளம் கூட இல்லை, ஒத்தைக் கையால மாட்டவும் வரலை கழட்டவும் வரலை. பிடிக்கத் தோதா அதுக்கு மேல எதையாவது ஒட்டினா என்னன்னு அம்மாதான் யோசனை சொன்னா. உன்னோட பச்சைக் கம்பளிக் கோட்டு ஞாபகம் இருக்கா, ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போவியே, அதைப் போன வருஷம் அம்மா தெரியாம கொதிக்கற தண்ணியில போட்டுட்டா, உனக்குச் சொல்லலை, இப்ப சொல்லிட்டேன். சுருங்கி அட்டை மாதிரி ஆயிடுச்சு. ஆனா அதுலேயும் ஒரு நல்லது, எப்படி வெட்டினாலும் ஓரம் பிரியாது, நூல் வராது. அதுல ஒரு டம்ளர் மூடி அளவுக்கு வட்டம் வெட்டி, மேல பெரிய பட்டன் ஒண்ணு சின்னப் பட்டன் ஒண்ணு அடுக்கி ஒட்டி, பின்னாடி ஊக்கு வெச்சாச்சு, ப்ரோச் ரெடி. மாட்டினா அது தூங்கி வழியற ஆள் மாதிரி முன்பக்கமா கவிழ்ந்து தொங்குது. ஊக்கை நட்ட நடுவுல ஒட்டியிருக்கா உங்கம்மா. எடை தொங்கற இடத்துக்கு மேலதான் பிடி இருக்கணும், இதைக் கூடவா சொல்லித் தரணும்னு நான் கேட்க, அப்ப நீங்களே பண்ணிக்குங்கன்னு பசையையும் துணியையும் என் மடியில போட்டுட்டுப் போயிட்டா. அப்படித்தான் இந்தத் தொழில் என் தலையில விழுந்துச்சு.

ஊக்கு விஷயத்துல நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பின்பக்கத் துணியில மேல் பாதியில ரெண்டு சின்னக் கீறல் போட்டு, ஊக்கோட அசையாத கம்பியை அதுக்குள்ள நுழைச்சு, அதுக்கு மேல இன்னொரு துண்டுத் துணியை ஒட்டிட்டா, இழுத்தாலும் வராது, தொங்கவும் தொங்காது. பட்டன் வெச்சு மூணு நாலு பண்ணினேன். அப்புறம் ஆசை விடலை, பூ பண்ணிப் பார்க்கலாம்னு நீளமா ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, ஒரு ஓரத்தை அலை அலையா நறுக்கி எடுத்துட்டு இங்க வந்தேன். கத்தரிக்கோல், ஊசி எதுவும் இந்த ஹாலுக்குள்ள வரக்கூடாதுன்னு பெரிய நர்ஸ் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, அதனால வெட்டறதெல்லாம் வீட்டுல, இங்க சுத்தறதும் ஒட்டறதும்தான். பட்டையைச் சுருட்டினா ரோஜா. சொல்றது சுலபம், ஒத்தைக் கையால சுருட்டிப் பாரு. ஒரு நுனியைப் பல்லால கடிச்சுக்கிட்டு மறு நுனியைச் சுத்தினேன், மூணு தடவை தரையில விழுந்துச்சு, நாலாவது தடவை பசை என் மீசையில ஒட்டிக்கிச்சு. அப்பதான் பக்கத்து நாற்காலியிலேர்ந்து ஒரு குரல், சார் அதைக் கண்ணால பார்க்கவே சகிக்கலை, இங்க குடுங்க.

அந்த அம்மா நாலு மாசமா என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. வருவாங்க, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்குவாங்க, மெஷின் நின்னதும் எழுந்து போவாங்க. நான் வணக்கம் சொன்னா தலையை மட்டும் அசைப்பாங்க. அன்னைக்குத்தான் அவங்க குரலையே கேட்டேன். பேக்கரியில கேக் மேல பூ போடற வேலையாம், இருபத்திரண்டு வருஷம், ஊர்ல பாதிப் பேரோட பிறந்த நாள்ல அவங்க கையெழுத்து இருக்கு. இடது கைப் பழக்கம், அதனால ஊசி குத்தறதுக்கு வலது கையைக் குடுத்திருக்காங்க. இப்ப கணக்குப் போட்டுப் பாரு. என் வலது கையும் அவங்க இடது கையும்தான் சும்மா இருக்கு, ரெண்டும் நடுவுல பக்கத்துல பக்கத்துல இருக்கு. பெரிய நர்ஸ் மருந்துத் தட்டு வைக்கற சக்கர மேஜையை இழுத்து நடுவுல போட்டாங்க. நான் பட்டையைப் பிடிக்க அவங்க சுருட்ட, அவங்க பிடிக்க நான் பசை தடவ, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு உண்டான ரெண்டு கை கிடைச்சுது. முதல்ல கூத்துதான். நான் இழுக்கறப்போ அவங்க விட்டுடுவாங்க, அவங்க சுத்தற பக்கம் எனக்குத் தலைகீழ். ஒரு தடவை நான் ஆர்வக்கோளாறுல சாய்ஞ்சு இடது கையை மடக்கிட்டேன், மெஷின் ஓன்னு அலறிச்சு, நர்ஸ் ஓடி வந்து, இன்னொரு தடவை அசைஞ்சா பூவையும் பிடுங்கிடுவேன் மேஜையையும் பிடுங்கிடுவேன்னு திட்டினாங்க. ஆரம்பத்துல இறுக்கமாச் சுத்தணும் சார், மொட்டு அது, வெளியே வர வர விட்டுக் குடுக்கணும், இதழ் மூச்சு விடணும்னு அவங்க சொல்லிக் குடுத்தாங்க. க்ரீமுக்கும் அதே கணக்குதானாம். மூணாவது வாரம் பார்த்தா ரோஜா ரோஜாவாவே இருந்துச்சு.

அப்புறம் எதிர் வரிசைக்காரங்களுக்கு வேணும், நர்ஸுங்களுக்கு வேணும், தரை துடைக்கற அக்கா தனக்குச் சிவப்புதான் வேணும்னாங்க. உன் கோட்டு தீர்ந்துபோச்சு, கோச்சுக்காதே. அம்மா அக்கம்பக்கத்துல பழைய கம்பளி எல்லாம் கேட்டு வாங்கி வேணும்னே கொதிக்க வெச்சா. கிழிஞ்ச பையோட ஜிப்பை எடுத்து, பல் வரிசை வெளியே தெரியற மாதிரி நத்தைச் சுருளாச் சுத்தி ஒட்டினா ஓரத்துல வெள்ளிக் கரை வெச்ச மாதிரி பளபளன்னு இருக்கு, அது என் சொந்த யோசனை, பேக்கரி அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. உங்கம்மா ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவ வாசல்ல நின்னு பார்த்துட்டு, முப்பத்தோரு வருஷத்துல என்கூட உட்கார்ந்து ஒரு வெங்காயம் உரிச்சிருப்பீங்களா, இங்க ரோஜாப் பூ சுத்தறீங்களான்னு எல்லார் முன்னாடியும் கேட்டா. ஹாலே சிரிச்சுது. பேக்கரி அம்மாவும் சிரிச்சாங்க, அவங்க பல்லை அன்னைக்குத்தான் எல்லாரும் பார்த்தோம். கவருக்குள்ள ஒரு ப்ரோச் வெச்சிருக்கேன், பச்சை, உன் கோட்டோட கடைசித் துண்டு. பிடிச்சாப் போடு, இல்லைன்னா மேஜையில வை. மெஷின்ல துவைச்சிடாதே.

கை வேலையா இருந்தா வாய் தானாப் பேசும். பேக்கரி அம்மா தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ரூம்ல இருக்காங்க, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம், குழந்தை இல்லை. நான் உன்னைப் பத்திச் சொன்னேன். என்னென்னவோ பெருமை பேசிட்டு, ஒரு நாள் அந்த விஷயத்தையும் சொன்னேன், என் பொண்ணு தன் கிட்னியைத் தரேன்னு நின்னா, நான் முடியவே முடியாதுன்னுட்டேன்னு. அதைக் கூடப் பெருமையாத்தான் சொன்னேன். அவங்க பட்டையைச் சுத்திக்கிட்டே இருந்தாங்க.

போன மாசம் ஒரு புதன்கிழமை அவங்க வரலை. வெள்ளிக்கிழமையும் வரலை. அந்த நாற்காலியில வேற யாரையோ உட்கார வெச்சாங்க, அவரும் என்னை மாதிரி வலது கைக்காரர், அவரோட சும்மா இருக்கற கை அந்தப் பக்கம் சுவரைத் தடவிக்கிட்டு இருந்துச்சு. மேஜை மேல பாதி சுத்தின ரோஜா அப்படியே பிரிஞ்சு கிடந்துச்சு. பெரிய நர்ஸ் போன் பண்ணிக் கேட்டதுக்கு, அக்கா போதும்னு விட்டுட்டாங்க, டாக்டர் பேசிப் பார்த்துட்டார், கேக்கலைன்னு தங்கச்சி அழுதாங்களாம். சிட்டு, இதை விட்டா எத்தனை நாள்னு இங்க உட்கார்ந்திருக்கற பதினாறு பேருக்கும் தெரியும். சனிக்கிழமை காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டு விலாசம் விசாரிச்சுப் போனேன். ரெண்டு பஸ் மாறி, கட்டடத்துக்குப் பின்பக்கம் இரும்புப் படி ஏறி, முழங்கால் வலியோட உங்கம்மா எனக்கு முன்னாடி ஏறினா.

கட்டில்ல சாய்ஞ்சுகூடப் படுக்காம நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க, படுத்தா மூச்சு முட்டுதாம். கால் ரெண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்துச்சு. ஜன்னல் மேல ஒரு தகர டப்பா, அதுல க்ரீம் பிழியற முனைகள். உங்க சாமான் இங்க சும்மா கிடக்கேன்னு பேக்கரிக்காரர் நல்ல எண்ணத்துலதான் குடுத்தனுப்பியிருக்கார், செவ்வாய்க்கிழமை வந்துச்சாம், மறுநாள்தான் அவங்க மெஷினுக்கு வராம நின்னது. எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, ஏம்மா ரோஜா பாதியில கிடக்குன்னேன். நீங்களே சுத்திக்குங்க சார்னாங்க. ஒரு கையால எப்படின்னேன். பல்லால பிடிங்க, முன்னாடி பிடிச்சீங்களேன்னாங்க. அந்த மூச்சுத் திணறல்லயும் அந்த வாய். அப்புறம் அவங்களே, மூணு நாள் மெஷினுக்குப் போறேன் சார், மிச்ச நாலு நாள் அந்தக் களைப்பு தீரப் படுத்திருக்கேன், இதுல நான் எங்க இருக்கேன்னு கேட்டாங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு. கீழ ஒருத்தி அக்கா அக்கான்னு அழுதுக்கிட்டிருக்கா, கண் முன்னாடி வைத்தியம் இருக்கு, அதை வேணாம்னு தள்ள உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு சத்தம் போட்டேன். அவங்க என்னை நிமிர்ந்து பார்த்து, உங்களுக்கு எப்படி சார் வந்துச்சு, உங்க பொண்ணு தரேன்னு நின்னாளே, அப்போன்னு கேட்டாங்க. கோபமாக் கூட இல்லை, தெரிஞ்சுக்கக் கேக்கற மாதிரி. நான் அம்மாவைப் பார்த்தேன், அவ எனக்கு ஏதாவது சொல்லிக் கைகுடுப்பான்னு. அவ, அவங்க கேக்கறாங்க இல்ல, பதில் சொல்லுங்க, நானும் எட்டு மாசமா இதைத்தான் கேக்கணும்னு இருக்கேன்னா.

கீழே தங்கச்சி வீட்டுல குழாய்ல தண்ணி விழற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. கடைசியில நான், சரிம்மா, நான் என் பொண்ணுக்கு எழுதறேன், நீங்க இப்பவே கிளம்புங்கன்னேன். அவங்க தன் காலைக் குனிஞ்சு பார்த்துட்டு, வாக்கெல்லாம் தர மாட்டேன் சார், இந்த மாசம் வர்றேன், அடுத்த மாசத்தை அப்பப் பார்த்துக்கலாம்னாங்க. அவங்க கால் செருப்புக்குள்ள போகலை, உங்கம்மா தன் செருப்பைக் கழட்டிக் குடுத்தா, அதுலயும் போகலை, தங்கச்சி துணியைச் சுத்திக் கட்டி விட்டாங்க. நாலு பேருமா டாக்ஸி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். ரெண்டு நாள் அங்கேயே வெச்சிருந்து அனுப்பினாங்க. இப்ப ஒழுங்கா வர்றாங்க. வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, எழுதிட்டீங்களா சார். இன்னும் இல்லம்மான்னு சொன்னா சுவர்ப்பக்கம் திரும்பிக்குவாங்க, ரோஜாவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. மூணு வாரம் தாக்குப் பிடிச்சேன். இன்னைக்குக் காகிதத்தை எடுத்ததும், நீட்டுங்க பிடிக்கறேன்னு அவங்களே கையை நீட்டினாங்க. உங்களைப் பத்தி இதெல்லாம் எழுதலாமான்னு கேட்டேன், வீங்கின காலை மட்டும் விட்டுடுங்கன்னாங்க, அதுக்குள்ள எழுதிட்டேன்.

சிட்டு, நீ அன்னைக்கு போன்ல, அப்பா நான் தரேன், எல்லாம் விசாரிச்சுட்டேன்னு சொன்னப்போ, உன் தயவுல உயிர் வாழணும்னு எனக்குத் தலையெழுத்து இல்லைன்னு சொன்னேன். அந்த வார்த்தை தப்பு. எந்த அப்பனும் தன் பொண்ணுகிட்ட சொல்லக்கூடாத வார்த்தை. அதுக்கப்புறம் நீ போன் பண்ணினா அம்மாகிட்ட பேசிட்டு, என்னைப் பத்திக் கேட்டுட்டு வெச்சிடறே. நான் அடுத்த ரூம்ல பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு ஒரு வரி கூடப் படிக்காம உட்கார்ந்திருப்பேன். வேணாம்னு ஏன் சொன்னேன்னு அந்த அம்மா கேட்டதுக்கு அன்னைக்குப் பதில் வரலை, இப்ப உனக்குச் சொல்றேன். பயம். பன்னிரண்டு மாடி உயரத்துல ஒரு பெல்ட்டை நம்பித் தொங்கினவனுக்குப் பயமான்னு கேட்பே. தொங்கினது என் உடம்பு. உன் மேல கத்தி வைக்க விட்டு, உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் அந்தக் கிட்னியை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுவேன். அதை அழுதுக்கிட்டே சொல்லத் தெரியாம கோபமாச் சொல்லிட்டேன். தியாகம் கியாகம் ஒண்ணும் இல்லை.

அதனால டெஸ்ட் எடுத்துக்கோ. டெஸ்ட் மட்டும். அங்க இருக்கற டாக்டர்கிட்ட உன் உடம்புக்கு என்ன ஆகும்னு நல்லாக் கேளு, எனக்கு என்ன ஆகும்னு கேக்காதே, உனக்கு என்ன ஆகும்னு கேளு. பொருந்துச்சுன்னா பேசலாம், அப்பவும் நான் உடனே சரின்னு சொல்லிடுவேன்னு நினைக்காதே, உன்னை எதிர்ல உட்கார வெச்சுப் பேசணும். பொருந்தலைன்னா நீ குற்றவாளி மாதிரி அழக்கூடாது, இந்த நாற்காலியில நான் இன்னும் நிறைய வருஷம் உட்காரத் தயார். நடுவுல எந்த நிமிஷம் உனக்குப் பயமா இருந்தாலும் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, ஏன்னு நான் கேக்க மாட்டேன், அம்மாவையும் கேக்க விடமாட்டேன்.

மெஷின் முடியப் போகுது, நர்ஸ் பஞ்சோட நிக்கறாங்க. காகிதத்தைப் பிடிச்சிருக்கற அம்மாவுக்கும் கை மரத்துப் போச்சாம். அவங்க உன்னை விசாரிச்சதா எழுதச் சொன்னாங்க. அம்மா தனியா எழுதுவா, அவளுக்கு என்னை மாதிரி சுத்தி வளைக்க வராது, நாலு வரிதான் வரும். நீ நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும், உன்னைப் பெத்த எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு. ரத்தம் எடுக்கறப்போ ஊசியைப் பார்க்காதே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அவங்ககூட ஏதாவது பேசிக்கிட்டே இரு. நான் முதல் நாள் வீறாப்பா முறைச்சுப் பார்த்துட்டு மயங்கி விழுந்தேன், இது உங்கம்மாவுக்கே தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா